கணவாய்க்கு முப்பது இதயம்

2006ஆம் வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள், காலை நாஷ்டா நேரத்தில், ஷாகிர் தன் மனைவிக்கு ஓர் அறிவியல் உண்மையைச் சொன்னான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் அவளுக்குச் சொன்ன முதல் அறிவியல் உண்மை அதுதான்.

"உமைரா, இதக் கேளேன். நண்டுக்குப் பல்லு வாயில இல்லியாம். வயித்துல இருக்குதாம்."

அடுப்படியிலிருந்து உமைரா, "தெரியும்" என்றாள்.

"இரு, இன்னும் கீது. 'ஆகையால் நண்டுக்குப் பல்வலி வந்தால் அதற்குப் பெயர் வயிற்றுவலி.'" ஷாகிர் சிரித்த சிரிப்பில் இட்லித் துண்டு மூக்குக்கு ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவனோ ஷோக்கா எழுதிகிறான்" என்றான்.

"எவனோ இல்லீங்க. நான்தான்."

ஷாகிர் கைப்பேசியை ஒரு முறை பார்த்தான், மனைவியை ஒரு முறை பார்த்தான். குறுஞ்செய்தி இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழாக இருந்தது. அடியில் பெயர் எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் கைப்பேசியில் ஒரு குரல், "கிரிக்கெட் ஸ்கோருக்கு மூன்றை அழுத்தவும்" என்றது. அதே நேரம் கடை வாசலில் ஒருவன் அரை கிலோ ஆணி கேட்டு அவசரப்படுத்தினான். ஷாகிர் நான்கை அழுத்திவிட்டான். நான்கு என்றால் 'தினம் ஓர் அறிவியல்'. மாதம் முப்பது ரூபாய், ப்ரீபெய்டு பாலன்ஸிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு எதை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் அந்தக் குரல் சொல்லவில்லை. முதல் வாரம் ஷாகிர் திட்டிக்கொண்டே படித்தான். இரண்டாவது வாரம் திட்டை நிறுத்திவிட்டு விரும்பிப் படித்தான். வீட்டில் ஓசியில் கிடைத்தபோது காது கொடுக்காத சங்கதியை இப்போது காசு கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

உமைரா பழவேற்காட்டுக்காரி. அவளுடைய அப்பா நூர் முகம்மது காய்ந்த இறால் வியாபாரம் செய்தவர். ஏரியும் கடலும் சேரும் ஊரில் பிறந்த பெண், பொன்னேரியில் போய் விலங்கியல் படித்தாள். படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் ஷாகிருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சிப்காட் கம்பெனிகளுக்கு நட்டு, போல்ட்டு, வெல்டிங் ராடு விற்கிற கடை அவனுடையது. டிரில்லிங் மிஷின், செயின் புல்லி எல்லாம் நாள் வாடகைக்கும் விடுவான்.

1998இல் சென்னையிலிருந்து வரும் 'புதிர்க்கூடு' என்ற மாணவர் அறிவியல் மாத இதழில், நட்சத்திர மீன் ஒரு வகை மீன் என்று போட்டிருந்தார்கள். உமைராவால் தாங்க முடியவில்லை. அது மீனே இல்லை, அதற்கு முதுகெலும்பும் இல்லை, மூளையும் இல்லை, இந்தக் கட்டுரையை எழுதியவருக்கும் அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று ஒரு கார்டு எழுதிப் போட்டாள். ஆசிரியர் ஜெயராஜ் கெட்டிக்காரர். கோபித்துக்கொள்ளாமல், 'நீங்களே எழுதுங்களேன்' என்று பதில் போட்டார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் 'உப்புத் தண்ணீர்' என்ற தலைப்பில் உமைரா எழுதிவந்தாள். கட்டுரைக்கு நூற்றைம்பது ரூபாய், மணியார்டரில் வரும். எட்டு வருஷத்தில் கும்மிடிப்பூண்டியில் விலை ஏறாத சங்கதிகள் இரண்டுதான்: ஒன்று ரயில்வே ஸ்டேஷன் குழாய்த் தண்ணீர், இன்னொன்று உமைராவின் கட்டுரை.

எழுதுவது அவளுக்கு விளையாட்டு வேலை இல்லை. ஒரு கட்டுரைக்கு நான்கு முறை பழவேற்காட்டுக்கு பஸ் ஏறுவாள். கல்லூரிப் பேராசிரியருக்குச் சந்தேகம் கேட்டுக் கடிதம் போட்டுவிட்டு மூன்று வாரம் காத்திருப்பாள். நண்டு விஷயத்தை எழுதுவதற்கு முன் ஒரு நண்டை வாங்கிவந்து, சவரப் பிளேடால் வயிற்றைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பல்லைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தாள். ஆராய்ச்சிக்குப் பிறகு அந்த நண்டைக் குழம்பாக்கிச் சாப்பிட்டது ஷாகிர்தான்.

ஆக, பல்வலி வாக்கியம் அவளுடையது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஷாகிருக்கு இருந்தது.

"நண்டு எல்லாருக்கும் பொதுவான ஐட்டம் தானே? உன்ன மாதிரியே வேற ஒருத்தனுக்கும் தோணிருக்கலாம்ல?"

அடுத்த எட்டு நாளும் வந்த செய்திகளை உமைரா ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். ஐந்து அவளுடையவை என்று அவளுக்குத் தோன்றியது. ஷாகிர் அசரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவன் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"உமைரா, கணவாய்க்கு எத்தினி இதயம்?"

"மூணு."

"இதுல முப்பதுன்னு போட்டுகிறான்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உமைரா ஓடிவந்தாள். 'கணவாய்க்கு இதயங்கள் முப்பது. அவற்றில் ஒன்று உடைந்தாலும் அது காதலில் தோற்காது.' அதே வரி. 2002இல், மை கக்குகிற அந்தக் கடல் பிராணியைப் பற்றி அவள் 'மூன்று' என்றுதான் எழுதிக்கொடுத்தாள். அச்சுக்கூடத்தில் அது 'முப்பது' ஆகிவிட்டது. அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. அடுத்த மாத இதழில், கடைசிப் பக்கத்தில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில் திருத்தம் போட்டார்கள். கணவாய்க்கு முப்பது இதயம் என்று இந்த உலகத்தில் வேறு எவனும் எழுதியிருக்க மாட்டான். தப்பு ஒன்றுதான் கைரேகை மாதிரி அச்சாக அவளுடையதாக இருந்தது.

அவளுக்கு வந்த கோபம் காசுக்காக வந்த கோபம் இல்லை, முதலில். எத்தனை ஆயிரம் பேர் இந்நேரம் காப்பி குடித்துக்கொண்டே கணவாய்க்கு முப்பது இதயம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்! அவர்கள் வீட்டுக் கதவை எல்லாம் தட்டி எப்படித் திருத்துவது?

ஷாகிருக்கோ கோபம் வியாபாரியின் வழியில் வந்தது. "என் டிரில்லிங் மிஷின வாடகைக்கு எடுத்துக்கினு போறான். வேல முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும். அத எத்துக்கினு போயி வேற ஒருத்தனுக்கு உள்வாடகைக்கு உட்டா நா சும்மா உடுவேனா? நீ இன்னா பண்ண? கட்டுரைய வித்தியா, வாடகைக்கு உட்டியா?"

எட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் உமைராவிடம் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

மணியார்டர் கூப்பன்களை அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருந்தாள். எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். 2004 வரை வந்த கூப்பன்களில், 'கட்டுரைக்கான சன்மானம்' என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'இத்தொகையைப் பெற்றுக்கொள்வதன் மூலம் இப்படைப்பின் சகல உரிமைகளும், இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கும் ஊடகங்கள் உட்பட, இதழுக்கே உரியனவாகும்.' பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிய பிறகுதான் கூப்பன் கைக்கு வரும். அதாவது, ஒப்புக்கொண்ட பிறகு படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த திங்கட்கிழமை உமைரா மின்சார ரயிலில் ஏறி சென்னைக்குப் போனாள். 'புதிர்க்கூடு' அலுவலகம் ஒரு மாடிப்படியின் உச்சியில், பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவில் இருந்தது. ஆசிரியர் ஜெயராஜ் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வாங்கிவரச் சொன்னார். எட்டு வருஷத்தில் முதல் முறை நேரில் பார்ப்பதாகவும், உமைரா என்ற பெயருக்கு வயதான அம்மாளை எதிர்பார்த்ததாகவும் சொன்னார்.

உமைரா நோட்டை விரித்துக் காட்டினாள். ஜெயராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இதுல என்னம்மா இருக்கு? ஒரு கம்பெனிக்காரங்க நம்ம பழைய இதழ்கள வாங்கிக்கிட்டாங்க. செல்போன்ல அனுப்பறாங்க. அறிவு பரவுது. நல்லதுதானே?"

"என்னக் கேக்கலியே சார்?"

"நீங்க நம்ம குடும்பம். குடும்பத்துக்குள்ள கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

"அப்போ குடும்பத்துக்கு வந்த காசுல என் பங்கு எங்க சார்?"

ஜெயராஜ் காப்பியை ஒரு வாய் குடித்தார். "அறிவியல் உண்மைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதும்மா. நண்டு பொதுச் சொத்து. நண்டோட பல்லும் பொதுச் சொத்து."

"சரிங்க சார். முப்பது இதயம்?"

"என்னது?"

"கணவாய்க்கு முப்பது இதயம். அது பொதுச் சொத்து இல்லீங்களே. அல்லா படைச்ச கணவாய்க்கு மூணுதான். மிச்சம் இருவத்தேழும் உங்க அச்சுக்கூடம் போட்டது. என் கட்டுரைலேந்து எடுக்கலன்னா அந்த இருவத்தேழும் அவங்களுக்கு எங்கேந்து கெடச்சிது?"

ஜெயராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வாக்கியத்தை ரசிக்கிற மனிதர் அவர்; அதுதான் அவரோடு சண்டை போடுவதில் இருந்த கஷ்டம். ஆனால் சிரித்து முடித்ததும் ரப்பர் ஸ்டாம்பைப் பற்றிச் சொன்னார். கணவாய் வந்தது ஸ்டாம்புக்கு இரண்டு வருஷம் முன்னால் என்று உமைரா சொன்னதும், தொலைபேசி அடிக்காமலேயே அதை எடுத்து, "ஹலோ" என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறாமல் அந்த வாரமே பழவேற்காட்டுக்குப் போனாள். அங்கே மீன் விற்கிற கங்கம்மா அவளுக்கு ரொம்ப நாள் சிநேகிதி. எந்த மீன் எந்த மாதம் முட்டை வைக்கும், எந்த இறால் எந்த நிலாவுக்கு ஏரிக்குள் வரும் என்பதெல்லாம் உமைரா அவளிடம்தான் கேட்டுக்கொள்வாள். நடந்ததை எல்லாம் உமைரா கொட்டித் தீர்த்தாள். கங்கம்மா செதில் சீவிக்கொண்டே கேட்டாள்.

"அநியாயமாத்தான்கீது. நீ சொன்னத வச்சி அவன் டப்பு பாத்துகிறான், உனுக்கு ஒன்னியும் தர்ல."

"அதான் கங்கம்மா."

"ஏம்மா, நா சொன்னத வச்சி நீ எழுதுறியே. எனுக்கு இன்னா தந்த?"

உமைராவுக்கு முகம் சுண்டிவிட்டது. கங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு இரண்டு கிலோ கொடுவா மீனை உமைரா பேரம் பேசாமல் வாங்கினாள். அடுத்த கட்டுரையிலிருந்து, 'இந்தத் தகவலைச் சொன்னவர் பழவேற்காடு கங்கம்மா' என்று கடைசி வரி சேர்ப்பது என்றும், வருகிற காசில் அவளுக்கும் கொஞ்சம் கொடுப்பது என்றும் பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொண்டாள். பிறகு அப்படியே செய்தாள்.

தனியாகக் கத்தினால் வேலைக்கு ஆகாது என்பது அவளுக்குப் புரிந்தது. 'புதிர்க்கூடு' எழுதுகிறவர்களின் பெயருக்கு முன்னால் ஊரையும் போடும். அந்த ஒரு பழக்கத்துக்காக உமைரா ஆசிரியருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். தன்னைப் போல அதில் எழுதும் இரண்டு பேருக்கு எழுதினாள்: 'செவ்வாப்பேட்டை தானியேல், செவ்வாப்பேட்டை' என்று ஒரு கார்டு. 'ஆர்.கே.பேட்டை மணியம்மாள், ஆர்.கே.பேட்டை' என்று ஒரு கார்டு. தெருவும் இல்லை, எண்ணும் இல்லை. இரண்டும் போய்ச் சேர்ந்தன.

தானியேல் அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலைக்காரர். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். தானியேல் இரும்பை உருக்கி ஊற்றுகிறவர். துரு ஏன் பிடிக்கிறது, தண்டவாளம் வெயிலில் ஏன் நீள்கிறது என்று எழுதுவார். மணியம்மாள் கிராம சுகாதார நர்ஸ். கொசு, பேன், கொக்கிப்புழு பற்றி அவர் எழுதினால் படிப்பவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இரண்டாம் சனிக்கிழமை மூன்று பேரும் செவ்வாப்பேட்டையில் தானியேல் வீட்டில் கூடினார்கள். வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் போகும். எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, ரயில் போன பிறகு மீதிப் பாதியைப் பேசுவார்கள்.

மணியம்மாள் பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்து வைத்தார். மேலட்டையில் 'ஆயிரம் அறிவியல் கட்டுரைகள்' என்று இருந்தது.

"போன வருஷம் எங்க ஆபீஸ் விழால எனுக்குக் குடுத்த பரிசு இது. கைதட்டிக் குடுத்தாங்க. ஊட்டுக்கு எத்துக்கினு போயி, பையன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, அதுல என் கட்டுரையே பதினாலு கீது. என் கொசுவ எனுக்கே பரிசாக் குடுத்துட்டாங்க, உமைராம்மா!"

தானியேல் சிரிக்கவில்லை. "பேஜாரு வேணாம் மேடம்" என்றார் மெதுவாக. "நூத்தம்பது ரூவா கம்மிதான். ஆனா பேப்பர்ல என் பேரு வருது. பட்டறைல மேஸ்திரி கூட என்ன 'சயின்டிஸ்ட்டு'ன்னு கூப்புடுறாரு. நாம மொறச்சிக்கினா அதையும் நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்துனா அவங்க எத வச்சி அச்சடிப்பாங்க? பத்திரிகைல பாதி நாமதான், அண்ணே" என்றாள் உமைரா.

ஒரு ரயில் போயிற்று. அது போய் முடிவதற்குள் தானியேலின் மனைவி செண்பகம் உள்ளிருந்து வந்து, கிழித்துப்போட்ட காலண்டர் தாள் ஒன்றையும் பேனாவையும் வைத்துவிட்டு, "எழுதுங்க" என்றாள். தாளின் பின்பக்கத்தில் மூன்று பேரும் எழுதினார்கள். கொடுக்கிற கட்டுரை காகிதத்தில் ஒரு முறை அச்சடிக்க மட்டுமே. போன், கம்ப்யூட்டர், தகடு என்று எதில் போட்டாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும், தனியாகக் கொடுக்க வேண்டும், பெயர் போட வேண்டும். கடைசியில் உமைரா ஒரு வரி சேர்த்தாள்: 'தப்பு இருந்தால், எங்கெல்லாம் தப்பு போனதோ அங்கெல்லாம் திருத்தமும் போக வேண்டும்.' இதை ஜெயராஜ் ஒப்புக்கொள்ளும்வரை புதுக் கட்டுரை கிடையாது; ஸ்டாம்ப் அடித்த மணியார்டரை வாங்குவதும் கிடையாது. தாளின் நகல் ஒன்று அவருக்குத் தபாலில் போயிற்று.

மார்ச் மாத மணியார்டரோடு தபால்காரர் மோசஸ் வந்தார். உமைரா வேண்டாம் என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? துட்டும்மா இது."

"தெரியுண்ணே. திருப்பி அனுப்பிடுங்க."

"இருவது வருஷமா இந்த லைன்ல கீறேன். துட்டு வந்தா வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதான்." மோசஸுக்கு அது தன் வேலையையே அவமானப்படுத்துகிற மாதிரி இருந்தது. "பாரத்துல காரணம் எழுதணும்மா. 'வெளியூர் போய்விட்டார்'னு எழுதிக்கட்டா?"

"'மறுத்துவிட்டார்'னு எழுதுங்கண்ணே. நல்லா அழுத்தி எழுதுங்க."

அந்த வாரம் முழுக்க மோசஸ் வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு போனதில், ஷாகிர் கடைக்கு வந்தவர்கள், "ஊட்ல அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்கள்.

'புதிர்க்கூடு' சும்மா இருக்குமா? ஏப்ரல் இதழில் ஜெயராஜின் மைத்துனர் மூன்று பேர் பக்கத்தையும் ஒற்றை ஆளாக நிரப்பினார். திமிங்கிலமே கடலின் மிகப் பெரிய மீன் என்றார். ஆண் கொசு பகலிலும் பெண் கொசு இரவிலும் கடிக்கும் என்றார். தங்கத்துக்குத் துரு பிடிக்காததற்குக் காரணம் அதன் விலை என்றார். பள்ளிக்கூடங்களிலிருந்து மூட்டையாகக் கடிதம் வந்தது. மணியம்மாள் அந்தக் கொசு வாக்கியத்தை வெட்டி எடுத்து, சுகாதார நிலையத்து நோட்டீஸ் பலகையில் குத்திவைத்தார்.

இதற்கிடையில் ஷாகிர் தன் பங்குக்கு ஒரு போர் நடத்திக்கொண்டிருந்தான். கடையில் கூட்டம் குறைகிற மத்தியான வேளையில், தினமும் அந்தக் கைப்பேசிச் செய்திக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை அழைப்பான்.

"வணக்கம் சார், செல்வி பேசறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"கணவாய்க்கு மூணு இதயம்மா. நீங்க முப்பது அனுப்பிட்டீங்க."

"சார், இது நெட்வொர்க் பிரச்சனையா, பில் பிரச்சனையா?"

"இதயப் பிரச்சனம்மா."

செல்விக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் இதயத்துக்கென்று பட்டன் இல்லை. முதல் முறை அவள் மன்னிப்புக் கேட்டாள். நான்காம் முறை, கணவாய் என்றால் மீனா என்று கேட்டாள். ஏழாம் முறை, "சார், உங்க மிசஸ் எழுதினதா அது? பேர் போடலியா? அநியாயம் சார்" என்றாள். பதினோராம் முறை, புகாரை மேலே அனுப்பிவிட்டதாகவும், மேலே இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டதாகவும் ரகசியமாகச் சொன்னாள். உமைரா தாமதிக்காமல் பழைய கட்டுரை, எறும்பு எழுத்துத் திருத்தம், குறுஞ்செய்தியின் நகல் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துப் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினாள்.

கம்பெனி அதற்கு உமைராவுக்குப் பதில் எழுதவில்லை. ஜெயராஜுக்கு எழுதியது: எழுதியவர்களிடம் அனுமதி வாங்கிய காகிதம் இருந்தால் அனுப்பவும், இல்லாவிட்டால் அடுத்த வருஷத்து ஒப்பந்தம் கிடையாது.

மே மாத வெயிலில், வேட்டி எல்லாம் புழுதியாக, ஜெயராஜ் கும்மிடிப்பூண்டி ஹார்டுவேர் கடை வாசலில் வந்து இறங்கினார். ஷாகிர் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னான். சோடா வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு ஆள் அனுப்பி உமைராவை வரச் சொன்னான்.

ஜெயராஜ் இந்த முறை குடும்பத்தைப் பற்றிப் பேசவில்லை. "உண்மையச் சொல்றேம்மா. புதிர்க்கூடு விக்கறது பாதியா குறைஞ்சு போச்சு. பசங்க எல்லாம் நெட்டுக்குப் போயிட்டாங்க. அந்தக் கம்பெனி குடுக்கற காசுலதான் நான் பேப்பர் வாங்கறேன்."

உமைராவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஆனால் யோசித்தாள். "அப்படின்னா சார், இத்தன நாளா எங்க எழுத்துதான் உங்களுக்குப் பேப்பர் வாங்கிக் குடுத்துக்கினு இருந்திச்சா? கேட்டிருந்தா கொஞ்ச நாளைக்கு ஓசியிலகூட குடுத்திருப்பேன். கேக்கலியே நீங்க."

"உங்க மூணு பேருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்."

"குடுங்க சார்."

இந்த இடத்தில் ஒருவன் வந்து அரை இஞ்ச் நட்டு நாற்பது கேட்டான். ஷாகிர் எண்ணிக் கொடுத்துவிட்டு, "சார், இந்த ஆளு கிட்ட, 'நீ என் குடும்பம்டா, நட்ட சும்மா எடுத்துக்கினு போ'ன்னு நா சொல்லலியே. அவனும் கேக்கல" என்றான். நட்டு வாங்க வந்தவன் ஒன்றும் புரியாமல் இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னான்.

மத்தியானம் முழுக்கப் பேச்சு நடந்தது. காலண்டர் தாளில் இருந்தது எல்லாம் ஜெயராஜின் அழகான கையெழுத்தில் ஒரு பக்க ஒப்பந்தம் ஆயிற்று. அச்சுக்கு முந்நூறு. போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ போனால், கம்பெனி தருவதில் பாதி எழுதியவருக்கு. பெயர் கட்டாயம். திருத்தம் கட்டாயம். ஸ்டாம்புக்கு முந்தைய கட்டுரைகளுக்கு ஒரு தொகை தர ஒப்புக்கொண்டார். ஸ்டாம்ப் அடித்த இரண்டு வருஷத்துக் கட்டுரைகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்த இருபத்து மூன்று கட்டுரைகளும் உமைராவுக்குக் கடைசிவரை திரும்பிவரவில்லை. அதில் கடல் குதிரை பற்றி ஒன்று உண்டு. அப்பா குதிரைதான் பிள்ளை சுமக்கும் என்று எழுதியது.

பேர் எழுதும்போது ஜெயராஜ், "தானியேல் வேண்டாம். அவர் போன வாரமே பழைய கணக்குப்படி எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்" என்றார்.

உமைராவுக்குத் தெரியாது. ஷாகிர் அவளைப் பார்த்தான். தானியேலின் மகள் ஜெனிபர் அந்த வருஷம் கல்லூரியில் சேர்கிறாள் என்பது உமைராவுக்கு நினைவுக்கு வந்தது.

"அவர் பேரையும் எழுதுங்க சார். இல்லன்னா நானும் கையெழுத்துப் போடல."

ஜெயராஜ் பெருமூச்சு விட்டு எழுதினார். இரண்டு நாள் கழித்துத் தானியேல் வந்து, கடை வாசலிலேயே நின்று, "மன்னிச்சிக்குங்க மேடம்" என்றார். உமைரா, "தண்டவாளத்தப் பத்தி எழுதி ரெண்டு மாசமாச்சு அண்ணே, இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். மணியம்மாள் தனக்கு வந்த பழைய பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டார். ஆனால் அதன்பின் 'புதிர்க்கூட்டு'க்கு ஒரு வரி எழுதவில்லை. 'மரியாதைக்கு ஸ்டாம்ப் அடிக்க முடியாது' என்று உமைராவுக்குக் கார்டு போட்டார். கொக்கிப்புழுவை வேறு ஒரு வார இதழுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலையில் ஒரு நாள் காலை ஷாகிரின் கைப்பேசி அடித்தது. 'திருத்தம். கணவாய்க்கு இதயங்கள் மூன்றே. முப்பது அல்ல. தவறுக்கு வருந்துகிறோம். — உமைரா ஷாகிர்.' ஷாகிர் அதை மூன்று முறை உரக்கப் படித்தான். பிறகு கடைக்குப் போகிற வழியில் டீக்கடையில் நின்று நான்காவது முறையும் படித்துக் காட்டினான்.

"உன் பேரும் வந்துகிதே, பாய்!" என்றார் டீக்கடைக்காரர்.

"பாதிதான்" என்றான் ஷாகிர் பெருமையோடு.

அன்று மத்தியானம் செல்வி, தானாகவே, கடை எண்ணுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னாள்.

'புதிர்க்கூடு' அதற்குப் பிறகு மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. உமைராவுக்குப் பெரிய காசு ஒன்றும் வந்துவிடவில்லை. சில மாதங்களில் போனிலிருந்து வந்த பங்கு பழவேற்காட்டு பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் சரியாக இருக்கும். ஆனால் யார் கட்டுரை கேட்டாலும், "எதுக்கு, எத்தன தடவ, எதுல போடுவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வேறு பேச்சு என்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு பண்பலை வானொலிக்காரர்கள் கேட்டபோது அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தில் 'குரல்' என்று ஒரு வரி சேர்ந்தது. பள்ளி வழிகாட்டி நூல் போடுகிறவர்கள் வந்தபோது 'மறுபதிப்பு' சேர்ந்தது. ஒரு பக்கம் இரண்டு பக்கமாயிற்று.

2009 இறுதியில் இதழ் நின்றுபோனது. சில மாதம் கழித்து ஷாகிர் கடைக்கு ஒரு போன் வந்தது. ஜெயராஜ். குரல் இளைத்திருந்தது. ஆபீசைக் காலி செய்துவிட்டாராம். இப்போது அவரே கட்டுரை எழுதி அங்கே இங்கே கொடுக்கிறாராம். ஒரு இணையதளத்துக்காரன் அவருடைய பன்னிரண்டு கட்டுரைகளைக் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டான்; கேட்டால், 'அறிவு பரவுகிறது சார்' என்கிறானாம்.

"உங்ககிட்ட அந்த ஒப்பந்தம் ஒரு காப்பி இருக்குமாம்மா?"

"நீங்க எழுதுனதுதானே சார்."

"எழுதினேன். அப்ப சரியா படிக்கல."

உமைரா சிரித்தாள், அவரும் சிரித்தார். அன்றைக்கே புதிய இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு துண்டுத் தாளில், போனில் எதற்கும் சரி என்று சொல்லிவிட வேண்டாம், எழுதித் தரச் சொல்லுங்கள் என்று குறிப்பு வைத்தாள்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. மோசஸ் ரிட்டயராகிவிட்டதால் வேறு ஒரு தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். கார்டில் ஒரே வரி: 'கேட்டேன், கேட்டதில் பாதி கொடுத்தார்கள்.'

உமைரா படித்துவிட்டு, "மீதிப் பாதிய இவரு கேக்கவே இல்லியா?" என்றாள். உடனே ஒரு கார்டை எடுத்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.